அந்த மனுவை நான் ஏன் எழுதவில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலைந்து பேர் என்னைப் பள்ளிவாசல் கேற்றடியில் நிறுத்தினார்கள். எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். இருவர் என்னிடம் படித்தவர்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் முகநூலில் எழுதிய ஒன்றைத் தொலைபேசியில் காட்டினார்கள். ஸகாத் பங்கிடும் விதத்தையும் ஒரு பயானையும் கிண்டல் பண்ணி எழுதியிருந்தான். வாசித்தேன். எனக்கும் பிடிக்கவில்லை. இரண்டு இடத்தில் மரியாதை இல்லாமல் எழுதியிருந்தான். கிண்டல் என்று அவன் நினைத்தது பலருக்கு மனவேதனை.

"சேர், ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்துல போட்டா லேசுல பிணை இல்லயாம். நீங்க சிங்களத்துல வடிவா ஒரு மனு எழுதித் தாங்க, நாங்க பொலிஸுக்குக் குடுக்கிறம்" என்றார்கள். அந்தச் சட்டத்தின் பெயரை அவர்கள் சொன்ன விதம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஏதோ பார்மசியில் மருந்துப் பெயர் கேட்பது போல. எங்கள் ஆட்களை அந்தச் சட்டம் என்ன பாடு படுத்தியது என்பது இவ்வளவு சீக்கிரத்தில் மறந்துபோனதா?

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் 150 வருடம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1873 ஓகஸ்ட் மாதம். பாணந்துறை. ஒரு மேடையில் மொஹொட்டிவத்தே குணானந்த தேரர். எதிரே டேவிட் டி சில்வா போதகரும் அவருடைய ஆட்களும். பௌத்தம் உண்மையா, கிறிஸ்தவம் உண்மையா என்று இரண்டு நாள் வாதம். ஆயிரக்கணக்கான சனம் கூடியிருந்தது. ஒருவர் மதத்தை மற்றவர் எவ்வளவு கடுமையாகப் பேச முடியுமோ அவ்வளவு கடுமையாகப் பேசினார்கள். ஆன்மா உண்டா இல்லையா என்ற நுணுக்கமான விஷயமும் இருந்தது, அடுத்தவர் வேதத்தைப் பரிகசிப்பதும் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடிபடாமல் வீட்டுக்குப் போனார்கள். அந்த வாதத்தின் ஆங்கில அறிக்கையை வாசித்துத்தான் பின்னாளில் ஒல்கொட் இலங்கைக்கு வந்தார். பௌத்த மறுமலர்ச்சி, பௌத்த பாடசாலைகள் என்று நாங்கள் ஓ.எல். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடத்தின் ஆரம்பமே அந்த இரண்டு நாள் 'மத நிந்தனை'தான். இன்றைய சட்டத்தின் கீழ் பாணந்துறை வாதம் நடந்திருந்தால் இரு தரப்பும் முதல் நாள் பின்னேரமே விளக்கமறியலுக்குப் போயிருக்கும்.

பத்து வருடம் கழித்து, 1883 மார்ச் 25. உயிர்த்த ஞாயிறு. இடம் கொட்டாஞ்சேனை. அதே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரை. அங்கே நடந்த விழாவுக்கு ஒரு பௌத்த ஊர்வலம் வந்துகொண்டிருக்கிறது. கத்தோலிக்கர் புனிதமாக மதிப்பவற்றை அவமதிக்கும் உருவங்களை ஊர்வலத்தில் தூக்கிவருகிறார்கள் என்று ஒரு வதந்தி. இந்த முறை யாரும் வாதம் செய்யவில்லை. கூட்டம் கூட்டமாக வந்து ஊர்வலத்தைத் தாக்கினார்கள். இரத்தம் சிந்தியது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற ஆத்திரத்தில் பௌத்தர்களின் முறைப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஒல்கொட் 1884இல் லண்டனுக்குப் போனார். வெசாக் தினம் அரச விடுமுறையானது அந்தப் போராட்டத்தின் பின்தான், 1885இல்.

மேடையில் சொல்லப்பட்ட மிகக் கடுமையான வார்த்தைகளால் யாருக்கும் காயமில்லை. சொல்லப்படாத, செய்யப்படாத ஒன்றைப் பற்றிய வதந்தியால் தெருவில் இரத்தம். வார்த்தையின் காரத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் நாட்டு வரலாற்றில் இல்லை. அந்த வார்த்தை கேட்பவனை எங்கே அனுப்புகிறது? பதில் எழுத அனுப்புகிறதா, அல்லது பொல்லுத் தூக்க அனுப்புகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

தற்செயலாக, எங்கள் தண்டனைச் சட்டக்கோவையும் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் இந்தியாவில் செய்த சட்டத்தை ஒட்டிச் செய்தது. மத உணர்வைப் புண்படுத்துவது, மதத்தை நிந்திப்பது பற்றிய 291அ, 291ஆ பிரிவுகளும், வகுப்புகளுக்கிடையே பகையைத் தூண்டுவது பற்றிய 120ஆம் பிரிவும் இன்றைக்கும் அந்தக் கோவையில்தான் இருக்கின்றன. ஆகவே "இந்த நாட்டில் வெறுப்புப் பேச்சுக்குச் சட்டமில்லை" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சட்டம் எக்கச்சக்கமாக இருக்கிறது.

சட்டம் இருந்தும் 1915 நடந்தது. இது எங்கள் கதை. வாப்பாமாரும் அப்பாமாரும் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வந்த கதை. கம்பளையில் வலஹாகொட தேவாலையின் பெரஹெரா, அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்ற தகராறு. 1912இல் அரசாங்க அதிபர் நிறுத்தச் சொன்னார். பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1815 கண்டி ஒப்பந்தத்தில் பௌத்தத்துக்குத் தந்த வாக்குறுதி என்னாயிற்று என்பது அவரது கேள்வி. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் அவர் வென்றார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே பக்திப்பாடல் வண்டிகள் வந்தபோது தீப்பற்றியது. எங்கள் பக்கத்திலிருந்தும் கூக்குரல் போட்டார்கள். அதை மறைத்து வரலாறு படிப்பிக்க எனக்கு மனமில்லை. அடுத்த சில நாட்களில் கலவரம் மாகாணம் மாகாணமாகப் பரவியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. மனிதர்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள்.

அதற்கு முன்னரே பத்திரிகைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. அநகாரிக தர்மபாலவின் 'சிங்கள பௌத்தயா', பியதாச சிறிசேனவின் 'சிங்கள ஜாதிய' போன்றவற்றில் முஸ்லிம் வியாபாரி அந்நியன், சுரண்டுபவன், அவனிடம் வாங்காதே என்ற பிரசாரம். 2013இல் ஹலால் எதிர்ப்புக் கூட்டங்களில் கேட்டவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

அரசாங்கம் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது கண்மண் தெரியாமல் கவனித்தது. ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் ரொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டம் போட்டார். கலவரக்காரனையும் மதுவொழிப்பு இயக்கத் தலைவனையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். டீ. எஸ். சேனாநாயக்க உள்ளே. எஃப். ஆர். சேனாநாயக்க உள்ளே. தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண சிறையிலேயே காலமானார். இளைஞன் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். நட்டஈட்டுக்கென ஒரு சட்டம் போட்டு, கலவரம் நடந்த பகுதிச் சிங்கள மக்களிடம் குற்றம் செய்தவன் செய்யாதவன் என்று பாராமல் பணம் அறவிட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் சட்ட நிரூபண சபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடி, லண்டனில் புத்தகமும் போட்டார். எங்கள் மூத்தவர்களுக்கு அவர்மீது இருந்த மனத்தாங்கல் வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்த அடக்குமுறையால் முஸ்லிம்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. எங்கள் கடை எரிந்ததை நாடு மறந்துவிட்டது. பேதிரிஸின் பெயரும் சேனாநாயக்காக்களின் சிறைவாசமும்தான் தேசிய வீரக் கதையானது. கண்டபடி தண்டித்தால் தண்டிக்கப்பட்டவன் தியாகியாகிறான், அடிபட்டவன் கதையிலிருந்தே காணாமல் போகிறான்.

இனி எங்கள் காலத்துக்கு வருகிறேன். 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. அதில் 2ஆம் பிரிவுக்குள் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. பேச்சாலோ எழுத்தாலோ இன, மத ஒற்றுமையின்மையை ஏற்படுத்துவதும் குற்றம் என்கிறது அது. வாசிக்க நல்லதாகத்தான் இருக்கும். அதில் அகப்பட்டவர் யார்? பத்திரிகையாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகம். 2006இல் ஒரு சிறு ஆங்கிலச் சஞ்சிகையில், கிழக்கில் தமிழ்ச் சனங்கள் படும் பாட்டை எழுதினார். 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு 20 வருடக் கடூழியச் சிறை. உலகமே கத்திய பிறகு மன்னிப்புக் கிடைத்தது. அப்போது நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினோம்? நான் பேசவில்லை. "அது தமிழாக்கள்ட பிரச்சின" என்று இருந்தவர்களில் நானும் ஒருவன்.

2013 மே மாதத்தில் அதே சட்டத்தில் அசாத் சாலி கைதானார். தமிழ்நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டிதான் காரணம். அப்போதுதான் எங்கள் ஊரில் அந்தச் சட்டத்தின் பெயரே சத்தமாகச் சொல்லப்பட்டது.

ஐ.சி.சி.பி.ஆர். என்று சுருக்கிச் சொல்கிற சட்டம் எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தில் இலங்கை 1980இல் இணைந்தது. 2006இல் சிங்கராசா என்ற கைதியின் வழக்கில், ஐ.நா. குழுவுக்கு முறையிடும் வழியே அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கு இந்தச் சமவாயம் அமுலில் இருப்பதாகக் காட்டவும் வேண்டும். ஆகவே 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் அவசரமாக நிறைவேறியது. சமவாயத்தில் கருத்துச் சுதந்திரம் என்று 19ஆம் உறுப்புரை இருக்கிறது. அது இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை, அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் ஏற்கெனவே இருக்கிறதாம். வெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்யும் 20ஆம் உறுப்புரை மட்டும் 3ஆம் பிரிவாக வந்தது, பத்து வருடம் வரை சிறையோடு. நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டும், அதுவும் விசேட காரணம் இருந்தால்தான். உரிமைகளுக்கான சட்டம் என்று பெயர்.

இனி அது எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்று பாருங்கள்.

2014 ஜூன் 15, அளுத்கம. கூட்டத்தை அனுமதிக்க வேண்டாம் என்று முஸ்லிம் அமைப்புகள் முன்கூட்டியே கேட்டிருந்தன. அனுமதித்தார்கள். இனி ஒரு சிங்களவர்மீது கை வைத்தால் அதோடு முடிந்தது என்ற பொருளில் ஞானசார தேரர் பேசினார். கேட்ட கூட்டம் அப்படியே முஸ்லிம் தெருக்களுக்குள் போனது. குறைந்தது மூன்று உயிர். 2007ஆம் ஆண்டுச் சட்டம் இப்படியான ஒரு பேச்சுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கும். அது அலுமாரியிலேயே இருந்தது. 2021இல் அதே தேரர் 'ஒரே நாடு ஒரே சட்டம்' ஜனாதிபதி செயலணிக்குத் தலைவர்.

2018 பெப்ரவரியில் அம்பாறை. கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற பொய். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை. மார்ச்சில் திகன. எங்கள் பையன்கள் அடித்த ஒரு லொறிச் சாரதி இறந்துபோனார். அது பாவம், அதற்குச் சாட்டுச் சொல்ல வரவில்லை. ஆனால் அதன்பின் முகநூலில் ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்த்த விதம் இருக்கிறதே, அதுதான் வெறுப்புப் பேச்சு என்பதன் முழு அர்த்தம். வீடுகள் எரிந்தன. ஓர் இளைஞர் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டு இறந்தார். அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு முகநூலையே முடக்கியது. அந்தப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு முகநூல் நிறுவனம் முன்பு என்ன பதில் அனுப்பியது என்று ஞாபகம் இருக்கிறதா? எங்கள் விதிகளை மீறவில்லை என்று. 2020இல்தான் மன்னிப்புக் கேட்டார்கள். திகனவுக்குப் பின் சிலர் கைதானதும் உண்மை. ஆனால் தீ அணைந்த பிறகு.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய். ஸஹ்ரான் யாருக்கு எதிராக முதலில் பேசினான்? காத்தான்குடியில் எங்கள் ஸூபி சகோதரர்களுக்கு எதிராக. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் வாள் வரைக்கும் போனது. அங்குள்ள முஸ்லிம்கள் பொலிஸுக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். அவன் தலைமறைவானான், அங்கிருந்தே வீடியோ வீடியோவாகப் பேசினான். 2019 ஏப்ரல் 21 வரைக்கும் பேசினான். கொலைக்கு ஆள் சேர்க்கிற வார்த்தை அது. அங்கேயும் சட்டம் போய்ச் சேரவில்லை.

சரி, எங்கே போய்ச் சேர்ந்தது?

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் மே மாதத்தில், ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண். சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரப் படம். பார்த்தவர்களுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. உடுத்த உடுப்புக்கு இந்தச் சட்டம். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே. அதே மாதம் குருநாகலில் வைத்தியர் ஷாபி. நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. கைதானது வைத்தியர். சி.ஐ.டி. தேடித் தேடி ஆதாரம் இல்லை என்று சொன்னது. பின்னர் வேலையில் திரும்பச் சேர்க்கப்பட்டு, கிடைத்த நிலுவைச் சம்பளத்தை நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்கே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

எங்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். அதே 2019 ஏப்ரல் 1ஆம் திகதி, குண்டுகள் வெடிப்பதற்கு முன்னரே, ஷக்திக்க சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் கைதானார். விகாரைக்குள் நடக்கும் துஷ்பிரயோகத்தைத் தொட்டு 'அர்த' என்று ஒரு சிறுகதை எழுதி முகநூலில் போட்டார். நாலு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். கதை எழுதியவர் உள்ளே, அளுத்கமவில் பேசியவர் வெளியே.

பிறகு ரம்ஸி ராஸீக். இவரை முகநூலில் பின்தொடர்ந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். சிங்களத்தில் அழகாக எழுதுவார். எங்கள் ஆட்களின் தீவிரத்தையும் கண்டிப்பார், இனவாதத்தையும் கண்டிப்பார். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரிக்கத் தொடங்கிய நாட்கள். எங்களுக்கு நித்திரை இல்லாத நாட்கள். அவர் எழுதினார்: பேனையும் கீபோர்டும்தான் ஆயுதம், கருத்தால் ஜிஹாத் செய்வோம் என்ற கருத்தில். 'ஜிஹாத்' என்ற ஒரு சொல் போதும். கொலை மிரட்டல் வந்தது. மிரட்டல் வருகிறதென்று பொலிஸுக்கு முறைப்பாடு கொடுத்த அதே நாளில், ஏப்ரல் 9ஆம் திகதி, அவரையே கைது செய்தார்கள். சுகமில்லாத மனிதர். செப்டெம்பர் வரை ஐந்து மாதம் உள்ளே. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணம் அரசாங்கத்தின் பணம். அதாவது உங்கள் பணமும் என் பணமும்.

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் கதை இன்னும் கொடுமை. அஹ்னாப் ஜஸீம். புத்தளம் பக்கத்தில் தமிழ் படிப்பித்த இளம் ஆசிரியர், கவிஞர். 2017இல் 'நவரசம்' என்று ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டார். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்தார்கள். கவிதைகள் தீவிரவாதத்தைப் போதிக்கின்றனவாம். யுத்தத்தையும் தீவிரவாதத்தையும் கண்டித்த கவிதைகள் அதே புத்தகத்தில் இருந்தன. தமிழ்க் கவிதை வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் விஷயம் முடிந்திருக்கும். ஏறத்தாழ 19 மாதத்துக்குப் பின்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த 19 மாதமும் பாடசாலை அலுமாரியில் இருந்த என் பழைய கவிதைக் கொப்பிகளை நான் வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன் என்பதை இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன். கல்யாண வாழ்த்தும் மீலாத் விழாக் கவிதையும்தான் அதில் இருந்தன. பயம் என்பது அப்படித்தான்.

"சேர், கடைசில ஞானசாரவும் உள்ள போனார்தானே" என்று கேட்பீர்கள். போனார். 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் நாலு வருடம் கொடுத்தது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் ஒன்பது மாதம். இரண்டும் 2016இல் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்காக. அளுத்கமப் பேச்சுக்காக அல்ல. எங்கள் வாட்ஸ்அப் குழுமத்தில் அன்றைக்கு ஒரே அல்ஹம்துலில்லாஹ். நானும் போட்டேன். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உறுத்தியது. மதத்தை இழிவாகப் பேசியதற்கு எட்டு வருடம் கழித்துச் சிறை. மனிதர்கள் செத்துப்போன இரவுக்கு ஒன்றுமில்லை. இதுவா நாங்கள் கேட்ட நீதி?

2015 டிசம்பரில் நடந்த ஒன்று பலருக்கு ஞாபகமில்லை. நல்லாட்சி அரசாங்கம் வெறுப்புப் பேச்சுக்கென்று தண்டனைச் சட்டக்கோவையில் புதிய பிரிவொன்றைச் சேர்க்கச் சட்டமூலம் கொண்டுவந்தது. அளுத்கமவுக்குப் பிறகு என்பதால் எங்களுக்குச் சந்தோஷம். எதிர்த்தவர்கள் தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும். "எங்களுக்கு வர்ற ஒரு பாதுகாப்பையும் தடுக்கிறாங்களே" என்று நான் அன்று ஆசிரியர் அறையில் கத்தினேன். பக்கத்தில் இருந்த தமிழ் ஆசிரியை ஒருவர் சொன்னார், "சேர், வசனத்த வாசிச்சுப் பாத்தீங்களா? திஸ்ஸநாயகத்த உள்ள போட்ட வசனந்தான் இது" என்று. வாசித்தேன். கிட்டத்தட்ட அதேதான். சட்டமூலம் வாபஸ் வாங்கப்பட்டது. டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இந்தப் பதிவு அவர் கண்ணில் பட்டால் நல்லது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும்.

"அப்ப யாரும் எதையும் பேசலாமா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. 3ஆம் பிரிவையே கவனமாக வாசியுங்கள். வெறுப்பு இருந்தால் மட்டும் போதாது. அது பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டுதலாக அமைய வேண்டும். அந்தச் சொல்லைத்தான் பொலிஸ் எப்போதும் தாண்டிப் போகிறது. 2012இல் ஐ.நா. கூட்டிய நிபுணர்கள் ரபாத் நகரில் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார்கள். சூழல் என்ன, பேசியவர் யார், அவருக்குக் கேட்பவர்கள்மீது என்ன செல்வாக்கு, நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு தூரம் பரவியது, அதைக் கேட்டு யாராவது உண்மையாகவே தீங்கு செய்யக்கூடிய சாத்தியம் எவ்வளவு. 2023இல் நதாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைப் பெண் புத்தரின் இளமைக் காலத்தைத் தொட்டுச் சொன்ன பகிடிக்காக இதே சட்டத்தில் கைதானார். ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தபோது, அந்த வார்த்தைகள் 3ஆம் பிரிவு சொல்லும் தூண்டுதலாகத் தெரியவில்லை என்பதைத்தான் நீதிபதியும் எடுத்துக்காட்டினார். பௌத்தர்கள் மனம் புண்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகிடியைக் கேட்டு எந்தக் கூட்டமும் எந்த விகாரைக்கும் கல்லெறியப் போகவில்லை.

அந்த அளவுகோலை வைத்து எங்கள் பையனின் பதிவை எடுத்துப் பார்த்தேன். வயது இருபது. அவனுக்கு மேடை இல்லை, இயக்கம் இல்லை, பின்னால் ஆள் இல்லை. அவன் பதிவை வாசித்துவிட்டு யார் யாரை அடிக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொல்லப்போனால் இந்த ஊரில் இப்போது அடிவிழும் ஆபத்து ஒருவருக்குத்தான் இருக்கிறது, அவனுக்கு. போன சனிக்கிழமை இரவு அவனுடைய வீட்டுப் படலையில் யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள். அவனுடைய உம்மா பிரஷர் வருத்தக்காரி. நிர்வாகத்துக்கு இது தெரியுமோ தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பொலிஸ் நிலையத்தில் எங்கள் மனுவை வாங்கப்போகிற உத்தியோகத்தருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பையனின் பதிவில் 'ஸகாத்' இருக்கிறது, 'பைத்துல்மால்' இருக்கிறது, ஓர் அரபு வசனமும் இருக்கிறது. ரம்ஸி ராஸீக்கின் ஒரு சொல் என்ன ஆனது, அஹ்னாபின் ஒரு புத்தகம் என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன். அவனுக்கென்று நாங்கள் திறக்கும் கோவையில் நாளைக்கு எங்கள் பள்ளிவாசலின் பெயரும் ஸகாத் கணக்கும் ஏறாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

ஸகாத் பங்கீட்டைப் பற்றி அவன் கேட்ட கேள்விகளில் இரண்டு நியாயமானவை என்று எனக்குப் படுகிறது. அதை நிர்வாகத்திடம் நேரே சொல்வேன், முகநூலில் அல்ல. மரியாதையில்லாமல் எழுதிய இடங்களை அவனிடம் நேரே சொல்வேன்.

மனு எழுதுவதற்கென்று தந்த அரைத்தாள் கட்டு என் மேசையில் அப்படியே இருக்கிறது. யாராவது வந்து எடுத்துக்கொண்டு போகலாம். இன்று அஸருக்குப் பிறகு நான் அந்தப் பையனின் வீட்டுக்குப் போகிறேன். அவனுடைய வாப்பாவும் ஒரு காலத்தில் என் வகுப்பில் பின்வாங்கில் இருந்தவர்தான். மனுக் கேட்ட தம்பிமார் விரும்பினால் கூட வரலாம். நாலரைக்குப் பள்ளிவாசல் கேற்றடியில் நிற்பேன்.